மார்ச் மாத நாற்காலி

“ரோஷினி நீதானாம்மா?”

நூம்பலில் எங்கள் வாசலில் சக்கர நாற்காலியை இறக்கிவைத்த அதிகாரி கேட்டார். கட்டிலில் படுத்தபடியே தலையாட்டினேன்.

“மூணு வருசமா அலையவுட்டீங்களே சார். இப்பதான் எங்க ஊடு தெரிஞ்சுதா?” என்றாள் அம்மா.

“நான் என்னம்மா பண்றது? அரசாங்கத்துக்கே கடன் கழுத்துவரைக்கும் நிக்குது. எப்பவோ வரவேண்டிய பணம், போன வாரம்தான் வந்தது. இன்னிக்கு மார்ச் முப்பத்தொண்ணு. சாயங்காலத்துக்குள்ள பொண்ணு உட்கார்ந்திருக்கிற போட்டோவை அனுப்பலேன்னா நாற்காலி திரும்பிப் போயிடும். அடுத்த வருசம் இந்தத் திட்டமே இருக்குமோ, இல்லையோ.”

“ஐயோ, தூக்கினு பூடாதீங்க சார்.”

அம்மா என்னை அணைத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“கால் தொங்குதே” என்று அவர் குனிந்து, என் பாதங்களைப் பிடித்து மிதிபலகையில் வைக்கப் போனார்.

அப்பா வயதுக்காரர் என் காலைத் தொடுகிறாரே என்று பதறி, எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் என் கால்களையே பார்த்தார்.

“ரோஷினி இவ அக்கா சார்” என்றாள் அம்மா. “தை மாசமே செத்துப் பூட்டா. அவளத் தூக்கி எறக்கத்தான் இவ பள்ளிக்கூடத்த வுட்டா. எதிர் ஊட்டு ரைஹானாவுக்கும் காலு வெளங்காது, வளந்த பொண்ணு இன்னும் தவழ்ந்துகினுதான் கீது. அதுக்காச்சும் ஆவட்டும்னுதான்…”

அவர் நாற்காலியைக் கைகாட்டினார். மறுபடி உட்கார்ந்தேன். போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.