ஈயச் சுவருக்குள்

எங்கள் சுரங்க ஆய்வகத்தில், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளைத் தேடும் கருவி இருக்கிறது. மனித உடம்பிலும் துளி கதிர்வீச்சு உண்டு. அதனால் பக்கத்தில் ஆள் நின்றால் கருவியின் எண் சற்று ஏறும்.

அங்கே டெக்னீஷியனாக இருந்த என் அண்ணன் போன மாதம் வாயுக் கசிவில் இறந்தான். அன்றிலிருந்து, யாரும் இல்லாதபோதும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு எண் ஏறியே இருந்தது.

"உயிரோட இருந்தப்பவும் உங்க அண்ணன் சொன்னா நகர மாட்டான்," என்று ஆய்வகத் தலைவர் சிரித்தார். "சுத்தி ஈயத்தை அடுக்கும்மா. வெளியே நிக்கட்டும்."

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயக் கட்டிகளைக் கருவியைச் சுற்றி நானே அடுக்கினேன். கடைசிக் கட்டியை வைத்ததும் வெளிக் கதிர்வீச்சு முழுக்க நின்றது. அந்த ஒரு ஆள் அளவு மட்டும் குறையவில்லை.

"சார், அண்ணன் உள்ள இருக்கான். ஒரே ஒரு கட்டியை எடுத்துடறேன்."

"எடுத்தா எல்லாம் பாழ். அஞ்சு வருஷம் திறக்கக் கூடாது. அவன் அளவுதான் தெரியுமே, கணக்குல கழிச்சிடு."

தினமும் காலையில் கழிக்கிறேன். முதல் வாரம் எண் அசையாமல் இருந்தது. இப்போது வேகமாக ஏறி இறங்குகிறது, உள்ளே யாரோ முட்டி மோதுவதுபோல.

தலைவரிடம் சொன்னேன்.

"அப்போ சராசரி எடுத்துக் கழிம்மா," என்றார்.