நாற்பத்தோராவது வள்ளம்

நாயாற்றுக் கோயில் மண்டபத்தில், சுவரில் ஒட்டியிருந்த என் வரைபில் யாகப்பு ஐயா தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அடியிலிருந்து தேடினார். மேலே தனக்கு இடமில்லை என்று அவருக்குத் தெரியும். விரல் ஓரம்வரை போய்த் திரும்பி வந்தது.

நாற்பத்தொரு வள்ளங்கள். கடந்த மாதம் எத்தனை நாள் தொழிலுக்குப் போனது, எத்தனை கிலோ மீன் பிடித்தது என்று வள்ளத்துக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் உரிமையாளர் பெயர்.

சிலர் இரண்டாயிரம் கிலோ பிடித்திருந்தார்கள், சிலர் மூன்று கிலோ. சாதாரண அளவிடையில் வரைந்தால் சின்னத் தொழிலாளிகள் எல்லோரும் அடியில் ஒரே குவியலாக நசுங்கிப்போவார்கள். அதனால் மடக்கை அளவிடை போட்டேன். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு கோடும் பத்து மடங்காக ஏறும். இல்லாதவர்களின் பெயரும் தெளிவாகத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்துக் கிலோக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புது வலை என்று எங்கள் உதவித் திட்டத்தில் முடிவாகியிருந்தது. வரைபைப் பார்த்தே பட்டியல் எழுதினேன். பன்னிரண்டு பெயர், பன்னிரண்டு வலை. காலையிலேயே கொடுத்து முடித்தாயிற்று.

"பிள்ளை, என்ர பேரைக் காணேல்லை."

காட்டிக்கொடுக்கலாம் என்று எழுந்து போனேன். எனக்கும் அகப்படவில்லை. புள்ளிகளை எண்ணினேன். நாற்பதுதான் இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. மடக்கை அளவிடையில் பூச்சியத்துக்கு இடமே கிடையாது. பத்திலொன்று, நூறிலொன்று என்று எவ்வளவு இறங்கினாலும் பூச்சியம் வராது. கணினி ஒரு சின்னப் பெட்டியில் எச்சரிக்கை காட்டத்தான் செய்தது. அவசரத்தில் வாசிக்காமலே மூடிவிட்டேன். என்னை என்ன செய்தாலும் தகும்.

ஒன்றுமே பிடிக்காதவர் இவர் ஒருவர் மட்டுமா? இல்லை. இந்தக் கரையில் வெறுங்கையோடு வருகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. 'கறிக்குக் கிடைச்சது' என்பார்கள். சொல்லிப் பழகிவிட்டது, மானமும் விடாது. கறிக்கு என்றால் ஒரு கிலோ என்று நானும் பதிந்துகொண்டேன். வரைபின் அடிக்கோட்டில் அப்படி ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். ஐந்து பேரும் வலையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

கணக்கெடுக்க வீட்டுக்குப் போன அன்று யாகப்பு ஐயாவும் முதலில் கறிக்கு என்றுதான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பேனையை மூடி வைத்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் உதவி வரும் என்று அவரை வற்புறுத்தியவள் நான். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் குரலைத் தணித்துச் சொன்னார்.

"ஒண்டுமில்லை, பிள்ளை. ஒரு மீனும் இல்லை."