கசக்காத மாத்திரை

“உண்மையச் சொல்லு ஹுமா! என் மாத்திரையில என்ன வேலை பண்ணுன?”

திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய், பெரம்பலூரில் பஸ் மாறி லப்பைக்குடிக்காடு வந்து சேர்ந்த முகமது அனஸ், காலி மாத்திரை அட்டைகளை மனைவியின் முன்னால் விசிறியடித்தான். பதறிப்போய் நின்றாள் ஹுமா.

பின்னே, கோபம் வராதா? ஈரல் கெட்டுப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரே அக்கா, அவன் ‘லாத்தா’ என்றழைக்கும் ஜரீனாவுக்குத் தன் ஈரலில் பாதியைக் கொடுக்கத்தான் துபாய் வேலையை உதறிவிட்டு வந்தான். “உங்க ஈரல்லயே கொழுப்பு இருக்கே” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து நெய்ச்சோறு இல்லை, கறி இல்லை. விடிந்தும் விடியாமலும் ஐந்து கிலோமீட்டர் நடை. தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தும் பாழாய்ப்போன கொழுப்பு மட்டும் குறையவில்லை.

மேலும் சோதித்ததில் இரைப்பையில் ஒரு கிருமி இருப்பது தெரிந்தது. “அதுக்கும் ஈரல் கொழுப்புக்கும் தொடர்பு இருக்கலாம்னு சொல்றாங்க. மொதல்ல அத ஒழிப்போம்” என்று பதினான்கு நாள் மாத்திரை எழுதினார் டாக்டர். கடையில் வாங்கி வந்தவள் ஹுமா. படுக்கையில் இருந்தபடியே, வேளை தவறாமல் அட்டையிலிருந்து பிரித்துத் தம்பியின் கையில் வைத்தவள் ஜரீனா.

ஒரு மாதம் கழித்து இன்றைக்குப் போய் மூச்சுச் சோதனைக்குக் குழாயில் ஊதினால், கிருமி அப்படியே இருக்கிறதாம்!

“அந்த மாத்திரைக்கு வாயெல்லாம் இரும்பாட்டம் கசக்குமாம். எனக்கு ஒருநாளும் கசக்கலயே! நான் கத்திக்குப் போறது உனக்குப் புடிக்கல. மாத்தி வாங்கிட்டு வந்துட்ட, அப்படித்தானே?”

“அல்லாஹ் மேல சத்தியமா இல்லங்க! மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டுப் பயந்தேன், இல்லேங்கல. ஆனா தடுக்கல.”

“பொய் சொல்லாத! லாத்தா உசுருடி அது!”

“டேய் அனஸ், அவள ஏசாத!”

கட்டிலிலிருந்து ஜரீனாவின் குரல். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே பதினான்கு நாள் மாத்திரையும் உதிரியாகக் கிடந்தது.

“உனக்கு நான் குடுத்ததெல்லாம் எனக்கு எழுதுன சத்து மாத்திரை.”

அனஸ் கட்டிலருகே போய் உட்கார்ந்தான். “ஏன் லாத்தா இப்படிப் பண்ணுன?”

“உன்னய அறுத்துத்தான் நான் பொழைக்கணுமாடா?”