அழுங்கைக் கொன்றவன்

"இவர்தாங்க மேடம்! 'அழுங்க கொன்னுட்டேன்'னு போன்ல சிரிச்சிக்கினே சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன்!"

கோபால்சாமி விரல் நீட்டிய இடத்தில், தரையெங்கும் பரப்பி வைத்த படத்தாள்களுக்கு நடுவே தூரிகையும் கையுமாக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் விஜயராஜ். வாசலில் வனவர் தமிழரசி. அவளுக்குப் பின்னால் மழைக்கோட்டில் நீர் சொட்டச் சொட்ட வனக்காப்பாளர் வீரன்.

கோபால்சாமி சந்தவாசல்காரர். ஜவ்வாது மலைமேல் வீடு கட்டி, வருகிறவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுகிறார். அழுங்கு என்று மலையில் சொல்லும் எறும்புத்தின்னியைச் செதிலுக்காகக் கடத்துகிறவர்களைப் பிடிக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள் தமிழரசி. கோபால்சாமியின் போன் வந்ததும் கொட்டுகிற மழையில் ஜீப்பை மேலே விரட்டி வந்திருந்தாள்.

"அழுங்கு எங்க?" என்றாள்.

"மேடம், அது மிருகம் இல்லீங்க. வில்லன்! நான் வரையற காமிக்ஸ்ல வர்ற வில்லன் பேரு அழுங்கு" என்று விஜயராஜ் ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

உடம்பெல்லாம் இரும்புச் செதில் பூட்டிய ஒரு தடியன், பந்து மாதிரி சுருண்டு உருண்டு வந்து பேங்க் சுவரை இடித்துக்கொண்டிருந்தான். கடைசிக் கட்டத்தில் அருவியில் விழுந்து செத்திருந்தான்.

"இவனத்தான் கொன்னேன். அதத்தான் எடிட்டர் கிட்ட சொன்னேன்."

வீரன் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். தமிழரசி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"இருங்க மேடம், அப்ப தேவாங்கு? தேவாங்க கூண்டுல அடைச்சிட்டேன்னாரே!" என்றார் கோபால்சாமி.

"அவனும் வில்லன்தாங்க. ராத்திரில திருடறவன், பெரிய கண்ணு" என்று இன்னொரு தாளை எடுத்தான் விஜயராஜ்.

"கட்டுவிரியன்?"

"அவ வில்லி."

"மரநாய்?"

"அடியாள்ங்க அவன்!"

கோபால்சாமி தலையைச் சொறிந்தார். "அதெப்படி தம்பி, மிருகத்துக்கும் மனுசனுக்கும் ஒரே பேரு? அப்ப நெஜ அழுங்கு எங்க கீது?"

"காட்டுல!" என்று தமிழரசியும் விஜயராஜும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அவர் அசரவில்லை. "எனக்கு இன்னாமோ சந்தேகமாத்தான் இருக்குது. வில்லன், கில்லன்னு கத வுட்டா நம்பிடறதா? அறைய சோதன போடுங்க மேடம். என் வூட்ல ஏதாச்சும் மாட்டிக்கினா நான்தான ஜெயிலுக்குப் போவணும்? இல்லன்னா மேலதிகாரிங்களுக்கு போன் போடறேன்."

வேறு வழியில்லை. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். பையைக் கொட்டினார்கள். "குளியலறைய வுட்டுட்டீங்களே," "பரண்மேல ஏறிப் பாரு வீரா" என்று கோபால்சாமி பின்னாலேயே நடந்தார். பரணிலிருந்து இறங்கும்போது வீரனின் கால் பட்டு மைப்புட்டி கவிழ்ந்தது.

வரைந்து முடித்த பக்கங்களில் மை கறுப்பாக ஓடியது.

"ஐயோ!" விஜயராஜ் பாய்ந்து தாள்களை வாரினான். "நாளைக்கு அனுப்பணும் மேடம். மாசக்கணக்கா வரைஞ்சது. இந்த புக்கு வரலைன்னா எனக்கு அடுத்த வாய்ப்பே கிடையாது." தன் சட்டையாலேயே மையை ஒற்றி ஒற்றி எடுத்தான்.

தமிழரசி உதட்டைக் கடித்தாள். "மன்னிச்சிடுங்க தம்பி. புகார்னு வந்தா பாக்காம போவ முடியாது."

"அடடா, பாவம்" என்று கோபால்சாமியும் உச்சுக்கொட்டினார். "எல்லாரும் ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க. பால் வாங்கியாரச் சொல்லிக்கீறேன்."

"டீயெல்லாம் வேணாங்க."

"மழையில வந்திருக்கீங்க, வெறும் வயித்தோட அனுப்புவனா? தம்பி, அதுக்குள்ள அந்தக் கதைய மொதல்லேர்ந்து சொல்லு. எனக்கும் புரியணும்ல? அழுங்கு எதுக்கு பேங்க்க இடிக்கிறான்?"

விஜயராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பாதியில், "இதுல தேவாங்கு யாரு?" என்று கேட்டார். மறுபடி சொன்னான். "மரநாயா, கட்டுவிரியனா, சுட்டது யாரு?" என்றார். விஜயராஜ் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். பால் வந்து, டீ கொதித்து, டம்ளர் கைக்கு வருவதற்குள் மழையே விட்டுவிட்டது.

தமிழரசி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐயா, ஒரு படத்துல இருக்கற வில்லனுக்காக செக்போஸ்ட்ட தொறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் ஓடியாந்திருக்கோம். இனிமே இந்த மாதிரி போன் பண்ணீங்கன்னா உங்க மேலதான் கேஸ் போடுவேன்!"

"கோச்சிக்காதீங்கம்மா. படிக்காதவன், எனக்கு இன்னா தெரியும்?" என்று கைகூப்பினார் கோபால்சாமி.

ஜீப் வளைவில் இறங்கி மறைந்தது. அறைக்குள் விஜயராஜ் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து வரையத் தொடங்கியிருந்தான். "சாவு கிராக்கி" என்று அவன் முணுமுணுத்தது வெளியே நன்றாகவே கேட்டது.

கோபால்சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் புளியமரத்தடிக்குப் போய் செல்போனை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இன்னாடா, வண்டி செக்போஸ்ட்ட தாண்டி கணியம்பாடி போயிடுச்சா? மூட்டையில அழுங்கு எல்லாம் உசுரோடதான கீது?"