வடிவின் கதவு

தன் நாவலை மின்னூலாக வெளியிடும் பட்டனின் மேல் அவள் விரலை வைத்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

போடியிலிருந்து.

அனுப்பியவள் செல்வராணி. பேச்சியம்மாளின் இளைய மகள்.

"மேம், அம்மா நேத்து காலையில தவறிட்டாங்க."

விரலை எடுத்துக்கொண்டாள்.

பேச்சியம்மாளை அவள் நேரில் பார்த்ததில்லை. தொடர்கதைத் தளத்தில் அவள் ஓர் அத்தியாயம், அங்கே சொல்வதுபோல் ஓர் எபி, போட்ட பத்தாவது நிமிடம் முதல் கருத்து பேச்சியம்மாளுடையதாக இருக்கும். புள்ளி இருக்காது, கமா இருக்காது. 'தங்கம் இன்னைக்கு எபி சின்னதா போச்சு.' 'தங்கம் அந்த வடிவ நாலு அறை விடணும் போல இருக்கு.'

வடிவு கதையில் வரும் தாய். தன் விருப்பப்படி மணம் செய்துகொண்டு போன மகள் துளசி, பல வருடம் கழித்துக் குழந்தையோடு வந்து வாசலில் நிற்கிறாள். வடிவு கதவைத் திறப்பாளா?

நாற்பதாவது எபியை அங்கேதான் நிறுத்தியிருந்தாள். கடைசி இரண்டும் மின்னூலில் மட்டும். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

போன வாரம் செல்வராணி முதன்முதலாக எழுதியிருந்தாள். அம்மா ஐசியுவில் இருக்கிறார், முடிவை மட்டும் சொல்ல முடியுமா, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று.

அவள் நம்பவில்லை.

போன நாவலுக்கும் இப்படித்தான் ஒருத்தி வந்தாள். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றாள். முடிவை அனுப்பிய அன்று சாயங்காலமே அது திருட்டு பிடிஎஃப் சேனலில் இருந்தது. ஒன்றரை வருட உழைப்பு. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

இந்த முறை தோழி கௌசியைக் கேட்டாள். அவளும் எழுதுகிறவள்.

"தப்பு முடிவு ஒண்ணு எழுதி அனுப்புடி. ரெண்டு நாள்ல சேனல்ல வரும் பாரு. கையும் களவுமா புடிச்சிரலாம்."

எழுதினாள். நான்கு பத்தி. வடிவு ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். பேரக் குழந்தையின் காலில் செருப்பில்லை என்பதையும் பார்க்கிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போய் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

அரைமணி நேரத்தில் எழுதியது. நன்றாகவே வந்திருந்தது.

அனுப்பிவிட்டு இரண்டு நாள் சேனலைப் பார்த்தாள். வரவில்லை. நான்கு நாள் பார்த்தாள். வரவில்லை.

அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இப்போது வந்திருந்த செய்தி நீளமாக இருந்தது. கீழே தள்ளினாள்.

"நீங்க அனுப்புனத வாசிச்சுக் காட்டுனேன் மேம். திரும்பவும் வாசின்னாங்க. அப்ப அக்கா வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. ஏழு வருசம் கழிச்சு அன்னைக்குத்தான் வந்தா, மகனையும் கூட்டிட்டு. உள்ள வரச் சொல்லவாம்மான்னு கேட்டேன். அதுவரைக்கும் யோசிச்சிட்டுத்தான் இருந்தாங்க. அப்புறம், வடிவே தொறக்கல, எனக்கென்னடி வந்துச்சுன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் பேச்சு வரல."

ஒரு வரி இடைவெளி.

"நீங்க மனசு கஷ்டப்படாதீங்க மேம். உங்களுக்கு எப்படித் தெரியும். புக்கு வந்ததும் லிங்க் மட்டும் அனுப்புங்க. அக்கா அந்தக் கடைசிப் பக்கத்த அவளே படிக்கணுங்கிறா. அம்மா எதக் கேட்டுட்டு அப்படிச் சொன்னாங்கன்னு பாக்கணுமாம்."

அடுக்களையில் குக்கர் மூன்றாவது விசில் விட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள்.

தளத்தைத் திறந்து, முப்பத்தோராவது எபியின் கருத்துகளுக்குப் போனாள்.

'தங்கம் எனக்கும் ஒரு பெரியவ இருக்கா பேசி ஏழு வருசம் ஆச்சு நீ எப்படி முடிக்கிறன்னு பாத்துட்டுத்தான்'

அதோடு நின்றிருந்தது. கீழே அவள் போட்ட இதயம். அந்த எபிக்கு வந்த நூற்றுச் சொச்சம் கருத்துகளுக்கும் போட்ட அதே இதயம்.

செல்வராணிக்கு எழுதத் தொடங்கினாள்.

'நான் அனுப்பியது உண்மையான முடிவு அல்ல'

ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

கோப்பைத் திறந்தாள். கடைசி அத்தியாயம், கடைசிப் பக்கம். எழுதும்போது அவளே அழுத பக்கம் அது.

வடிவு தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்பிட்டியாடி?" என்றாள்.

வாசித்தாள். இன்னொரு முறை வாசித்தாள்.

பிறகு அந்தப் பக்கம் முழுவதையும் தேர்வு செய்து நீக்கினாள்.

நான்கு பத்தியையும் அங்கே ஒட்டினாள். இரண்டாவது பத்தியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்தினாள்.

சமர்ப்பணப் பக்கத்தில் 'என் அம்மாவுக்கு' என்றிருந்தது. எப்போதும் அப்படித்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு எழுதினாள்:

'இந்தக் கதையின் முடிவை எல்லோருக்கும் முன்பே கேட்டுவிட்ட என் வாசகி, போடி பேச்சியம்மாளுக்கு.'

பட்டனை அழுத்தினாள்.

முதல் லிங்க்கைச் செல்வராணிக்கு அனுப்பினாள். அக்காவிடம் கொடுங்கள் என்று எழுதி, பக்கத்தில் ஓர் இதயமும் போட்டாள்.