இடுப்பளவு ஆழம்

"இங்க தோண்டுங்க" என்று சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பக்கச் சந்தில், குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்றாள் வீட்டுக்காரி.

கம்பெனி சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்தது. மரியாதைக்கு அடக்கிக்கொண்டார்.

கழிவறை அடைத்துக்கொண்டு நாலு நாள். குடும்பமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர்களும் சிரித்த முகத்தோடு திறப்பதை நேற்றோடு நிறுத்திவிட்டார்கள்.

முதலில் கூப்பிட்ட கம்பெனி கம்பியை விட்டுக் குடைந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனது. இரண்டாவது கம்பெனி, "இதோ வந்துட்டோம்" என்று போனிலேயே வேலையை முடித்துக்கொண்டது.

இது மூன்றாவது. இவர்களிடம் கேமரா எல்லாம் இருந்தது.

குழாய்க்குள் விட்ட கேமரா இருபதாவது அடியில் முட்டி நின்றது. வீட்டுப் பத்திரத்தோடு வந்த பழைய வரைபடத்தைத் தரையில் விரித்தார் சூப்பர்வைசர். அதில் குழாய் நேர்கோடாகத் தெருவுக்குப் போனது. இருபதாவது அடி என்றால் ஹாலின் நட்டநடு.

ஹாலை உடைக்க வேண்டியதுதான் என்றார், ஏதோ பிஸ்கட்டை உடைப்பதைப் போல.

கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஹால் தரை அவர் கடை கடையாக ஏறி இறங்கிப் பார்த்துப் பார்த்துப் போட்டது. இனி மூன்று வாரத்துக்கு வீட்டில் கால் வைக்க முடியாது.

அப்போதுதான் வீட்டுக்காரி சந்துக்கு வந்து, குழாய் ஹால் பக்கமே போகவில்லை, பன்னிரண்டாவது அடியில் திரும்பி இங்கே வந்துவிடுகிறது என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"வரைபடத்துல அப்படி இல்லையேம்மா."

"வரைபடத்துல பாறையும்தான் இல்ல."

தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று கணவர் அவள் காதோரம் கெஞ்சினார். அவருக்கு அவள் விளங்காமல் போவது புதிதில்லை. வீடு வாங்கத் தேடியபோது பதினோரு வீட்டுக்கு நொட்டை சொன்னவள், இந்த வீட்டுக்கு மட்டும் கேட்டைத் திறக்கும் முன்பே தலையாட்டினாள். ஏன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

எத்தனை அடி ஆழம் என்று சூப்பர்வைசர் விளையாட்டாகக் கேட்டார்.

அவள் அடிக்கணக்கு சொல்லவில்லை. கையை இடுப்பில் வைத்துக் காட்டினாள்.

சரி, ஒரே ஒரு குழி, கிடைக்காவிட்டால் ஹால்தான் என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவர் கடப்பாரை போட, ஒரு பெண் குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளி வெளியே போட்டாள்.

முழங்கால் ஆழம் போனது. ஒன்றுமில்லை.

தொடை வரைக்கும் போனது. வெறும் சேறு. கணவர் உள்ளே போய் ஹால் சோபாவைச் சுவரோரம் நகர்த்தத் தொடங்கினார்.

வீட்டுக்காரி அசையவில்லை. இத்தனை வருடத்தில் யாராவது மாற்றிப் போட்டிருந்தால்? அந்த ஹால் உடைந்தால் அவள் சொல்லால் உடைந்ததாகாது. ஆனால் இனி எதைச் சொன்னாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

குழி அந்தப் பெண்ணின் இடுப்பைத் தொட்டபோது மண்வெட்டி "ணங்" என்றது.

குழாய். தெருவைப் பார்த்து இன்னொரு வளைவோடு. வளைவுக்கு அந்தப் பக்கம், மாடு படுத்த மாதிரி ஒரு பாறை.

சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை.

வளைவின் இணைப்பு விட்டுப்போய் மண் இறங்கியிருந்தது. மதியத்துக்குள் புதுத் துண்டு பொருத்தியாயிற்று. கணவர் ஒரு வாளித் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றிவிட்டு, "போச்சு! போச்சு!" என்று கத்தினார். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்கு முன் சொன்னதே இல்லை. வீட்டுக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சூப்பர்வைசர் வரைபடத்தை மடித்துக்கொண்டே வந்தார். எப்படித் தெரியும் என்று கேட்டார். இந்தத் தடவை அவர் குரலில் விளையாட்டு இல்லை.

அவள் காதில் விழவில்லை. அவள் குழிக்குள் வேலை செய்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கால் மாற்றிக் கால் நின்றபடி கடப்பாரைக்காரரிடம் ஏதோ மெதுவாகக் கேட்டாள். அவர் தாடையால் பின்பக்கச் சுவரைக் காட்டினார், சுவருக்கு அந்தப் பக்கம் என்று.

வீட்டுக்காரி விடுவிடுவென்று போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பின்கதவைத் தாண்டி, புதுத் தரையில் சேற்றுத் தடம் பதியப் பதிய, ஹால் வழியாகவே கூட்டிக்கொண்டு வந்தாள். கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

கழிவறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

"காலெல்லாம் சேறுக்கா" என்று தயங்கினாள் அந்தப் பெண்.

"இருக்கட்டும், போ. அன்னிக்கு இந்தக் குழாய்க்குப் பள்ளம் வெட்டினப்போ எனக்கும் இடுப்பு வரைக்கும் சேறுதான். என்னை உள்ள விடலை."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பன்னிரண்டாவது அடியில் திரும்பி, பாறையைச் சுற்றிக்கொண்டு, சந்து வழியாகத் தெருவுக்கு. வழி முழுக்கத் தெரிந்த வீட்டுக்காரி, கதவுக்கு வெளியே இடுப்பில் கைவைத்துக் காவல் நின்றாள்.