காப்பி அடிக்கிறவள்

"எழுந்து நில். ரெண்டு கையையும் நீட்டு."

பரீட்சை ஹாலுக்குள் புதிதாக நுழைந்த மேடம் நேராக அவளிடம்தான் வந்தார்.

நீட்டினாள். விரல்கள் நடுங்கின.

"ஏன் இப்படி நடுங்குது?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்மா. பாக்ஸைத் திற. ஹால் டிக்கெட்டைத் திருப்பு."

பெட்டியில் பேனாக்களும் ஓர் அழிப்பானும்தான். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மேடத்துக்குத் திருப்தியில்லை.

"நீ காப்பி அடிப்பேன்னு ஆபீசுக்குத் தகவல் வந்திருக்கு. இன்னிக்கு எனக்கு உன்னைப் பார்த்துக்கறது மட்டும்தான் வேலை."

ஹாலே திரும்பிப் பார்த்தது. காது மடல் சுட்டது. மேடம் ஒரு நாற்காலியை இழுத்து வந்து, அவள் மேஜையை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"அவளையே பாருங்க மேடம், நாங்கல்லாம் நல்ல பிள்ளைங்க" என்றது பின்வரிசை. சிரித்தார்கள்.

உண்மையில் அவளுடைய பயம் காப்பியைப் பற்றியதே அல்ல. கதவைப் பற்றியது.

முதல் வருஷம், இதே போன்ற ஒரு ஹாலில் எழுதிக்கொண்டிருந்தபோது கதவருகே பியூன் வந்து நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். பேனாவை மூடாமல் எழுந்து போனாள். அப்பா போய்விட்டார் என்றார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பரீட்சையிலும் கண் கதவை விட்டு நகராது. அங்கே நிழல் ஆடினால் போதும், எழுத்தெல்லாம் மிதக்கும். இதே பாடத்தை இரண்டு தடவை பாதியில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். இதுதான் கடைசி வாய்ப்பு. இன்றும் ஓடினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

படிப்பதும் அப்படித்தான். பக்கத்தில் யாராவது இருந்தால்தான் நாலு வரி ஏறும். விடுதியில் அதற்கு அறைத்தோழி இருந்தாள். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. எல்லோரும் 'குண்டூசி' என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு பாடப் பிரிவு. ஆனாலும் இவள் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாள், நகம் வெட்டுவாள், தூங்கி வழிவாள். இன்று காலைகூட, "எழுந்து மட்டும் வந்துடாதடி" என்று ஹால் வாசல்வரை வந்து விட்டுப் போனாள்.

முதல் கேள்வியை முடிப்பதற்குள் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. வேகமான நடை. இந்தப் பக்கம்தான் வந்தது.

அம்மாவுக்கு ஏதாவதா?

பேனா நின்றது. மூச்சு நெஞ்சுக்குள்ளேயே முட்டியது. எழுந்துவிட்டாள்.

"எங்கே?"

"வெளியே... போகணும் மேடம்."

"பிட்டைத் தூக்கிப் போடவா? இப்ப நீ போனா, காப்பி அடிச்சேன்னுதான் எழுதிக் கொடுப்பேன். உட்காரு."

உட்கார்ந்தாள். கதவைப் பார்க்கத் திரும்பினால் மேடத்தின் அகலமான தோள்தான் தெரிந்தது. செருப்புச் சத்தம் ஹாலைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார். அதைக் கேட்டதும் ஏனோ அவளுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

எழுதினாள். இன்னும் இரண்டு முறை நெஞ்சு அடைத்தது. இரண்டு முறையும் "என்ன, முழிக்கிறே?" என்று பக்கத்திலிருந்து அதட்டல் வந்தது. மறுபடி குனிந்து எழுதினாள்.

மணி அடித்தபோது கடைசிக் கேள்வியும் முடிந்திருந்தது.

மேடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லையே. அந்தப் பொண்ணு சத்தியம் பண்ணாத குறையா சொன்னாளே."

"எந்தப் பொண்ணு மேடம்?"

"உன் ரூம்லயே இருக்காளாமே, படபடன்னு பேசுவாளே, அவதான்."

விடுதி அறைக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குண்டூசி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியேடி."

"எழுதினியா?"

"அத்தனை பேர் முன்னாடி கையை நீட்டச் சொன்னாங்க. திருடியைச் சோதிக்கிற மாதிரி. நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"அதை அப்புறம் திட்டு. முழுசா எழுதினியா, சொல்லு."

"எழுதினேன்."

"எழுந்து போகலியே?"

"எப்படிப் போறது? அந்த அம்மா அட்டை மாதிரி பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருந்தாங்க."

குண்டூசி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன ரெண்டு தடவையும் ஆபீசுக்குப் போய்க் கெஞ்சினேன்டி. 'அவ ரொம்பப் பயந்துக்கறா, பக்கத்துல யாராவது உட்காருங்க'ன்னு. அதுக்கெல்லாம் ஆள் இல்லன்னு அனுப்பிட்டாங்க. இந்தத் தடவை, 'காப்பி அடிப்பா'ன்னு சொன்னேன். உடனே ஆள் கிடைச்சிடுச்சு."